உடைக்கு மேல்

பிற்பகல் இரண்டு மணி ஏழு நிமிடம். பதினோரு பேர். முதல் பெயர் மாரிக்கனி. வருகைப் பதிவேட்டைச் சரிபார்க்கிறவரின் முகம்தான் ஞானகுருவுக்கு அப்போதும் இருந்தது. ஆனால் கையில் இருந்தது செல்போன், செல்போனில் இருந்தது ஒரு கோட்டை, கோட்டைக்குள் இருந்தவர்கள் பதினோரு சிப்பாய்கள். பட்டாசு ஆலையின் கேட்டுக்கு வெளியே நூறு அடி தள்ளி, வேப்பமரத்தடியில் நிறுத்திய பைக்கின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். மே மாதத்தில் பன்னிரண்டு மணிக்கு வேலையை நிறுத்தினால் இரண்டரைக்குத்தான் மறுபடி மணி அடிப்பார்கள். உச்சி வெயிலில் வெடிமருந்தைத் தொடக்கூடாது என்பது அந்த ஆலையின் வழக்கம். அந்த நேரத்தில் பெண்கள் கொட்டகையில் சோறு தின்று தலையைச் சாய்ப்பார்கள். போர்மேன் ஞானகுரு கோட்டையைத் திறப்பார். ஓசூரில் வேலை பார்க்கும் மைத்துனன் இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தான். "ஓடுறது, சுடுறதுன்னு உங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது அத்தான். நீங்க சொல்லணும், அவங்க செய்வாங்க. ஆலையில பாக்குற அதே சோலிதான்" என்றான். அவன் சொன்னது சரிதான். சொல்வது இவர் வேலை, போய்ச் சாவது அவர்கள் வேலை. இந்த நினைப்பு வந்ததும் ஞானகுரு கண்ணைத் திரையிலிருந்து எடுத்துக் கேட்டைப் பார்த்தார். கேட் அமைதியாக இருந்தது. மறுபடி திரைக்கு வந்தார்.

கோட்டை வாசலில் நெருப்பு கக்கும் பல்லி ஒன்று நின்றது, யானை உயரத்துக்கு. ஆட்டத்தை அவர் நிறுத்தி வைத்திருந்ததால் அதன் வாயிலிருந்து புறப்பட்ட தீ பாதி வழியில் ஆரஞ்சுப் புள்ளிகளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தி வைத்திருக்கும் வரை ஒன்றும் ஆகாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்தி வைக்கலாம். ஆலையில் அப்படி ஒரு பொத்தான் இல்லை, இரண்டரை மணி ஆனால் ஆனதுதான். நிறுத்தியிருக்கும்போதும் கவசப் பட்டியலைத் திருத்தலாம் என்பதுதான் இந்த ஆட்டத்தில் அவருக்குப் பிடித்த விஷயம். யார் எதைப் போட வேண்டும், எதற்கு மேல் எது. முதலில் துணி, அதன் மேல் தோல் சட்டை, அதன் மேல் இரும்பு வளையங்களைக் கோத்த வலைச்சட்டை, அதற்கும் மேல் மார்புத் தகடு, எல்லாவற்றையும் மூடிக்கொண்டு ஒரு போர்வை. எழுதிய வரிசையில்தான் போட்டுக்கொள்வார்கள். ஆரம்பத்தில் பெரியது முதலில் இருக்கட்டும் என்று மார்புத் தகட்டை முதல் வரியில் எழுதிவிட்டார். தகட்டுக்கு மேல் வலைச்சட்டை ஏறவில்லை. ஏறாத சட்டையைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர் எதிரி வரும் வரைக்கும் ஆயுதக் கிடங்கில் நின்றார்கள். சண்டை முடிந்த பிறகும் சட்டைகள் அவர்கள் கையில்தான் இருந்தன. கைகள் தனியாகக் கிடந்தன. அதன் பிறகு வரிசையில் அவர் தப்புச் செய்ததில்லை. சிப்பாய்களுக்கு ஆட்டம் வைக்கிற பெயர்கள் எந்த ஊர்ப் பெயர் என்றே தெரியாத பெயர்கள், வாயில் நுழையாது, யார் செத்தார்கள் என்றும் நினைவிருக்காது. ஒருநாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு நாக்கில் தயாராக இருந்த பெயர்களைப் போட்டார். நாக்கில் இருந்தவை ஆலையின் நான்காம் எண் அறையிலும் ஏழாம் எண் அறையிலும் வேலை செய்கிற பெண்களின் பெயர்கள்தான். மாரிக்கனி, குருவம்மாள், ரெங்கநாயகி, அந்தோணியம்மாள். இது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போனால் பரவாயில்லை, அதற்குப் பிறகு சாயங்காலம் வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

ஒரு பெயரைத் தொட்டால் அந்த ஆள் என்னென்ன அணிந்திருக்கிறார் என்பது தோலில் தொடங்கி வெளிப்பக்கமாக வரும். மாரிக்கனியைத் தொட்டார். தோல்: காயம் இல்லை. அதன் மேல்: துணி. சட்டென்று பின்னால் போகும் அம்புக்குறியைத் தட்டினார். தொண்டையைச் செருமாமல் யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்ட மாதிரிக் காது மடல் சுட்டது. நகக்கண் அளவு பொம்மை, அதுவும் இரும்புத் தகடு போட்ட பொம்மை, அதற்கு உள்ளே என்ன துணி என்று பார்க்க என்ன கூச்சம்? ஆனால் கூசியது. பெயர் அப்படி. அந்தப் பெயருக்கு உரியவள் காலை ஆறு ஐம்பதுக்கு அவரைத் தாண்டிப் போனபோது ஒரு சத்தம் கேட்டது. சரசர. பருத்தி அப்படிச் சத்தம் போடாது. பருத்திக்கு நடக்கும்போது சத்தமே கிடையாது, ஊமைத் துணி. சரசர என்று கேட்டதும் அவர் நிமிர்ந்தார். நிமிர்ந்தபோது மாரிக்கனியின் சேலைக் கரை கெண்டைக்காலோடு போய் ஒட்டிக்கொண்டது, அவள் குனிந்து விரலால் அதை எடுத்துவிட்டாள், எடுத்ததும் மறுபடி ஒட்டியது. சேலை பருத்திதான், பச்சைக் கட்டம் போட்டது, பத்து வருடச் சேலை. ஒட்ட வைத்தது சேலை இல்லை. சேலைக்கு உள்ளே இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஒரு கோடை மழை, யார் வீட்டிலும் துணி காய்ந்திருக்காது. இவ்வளவும் ஒரு நொடியில் அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம், தன்னிடம் சொல்ல முடியவில்லை. மற்ற நாளாக இருந்தால் கேட்டில் அன்னத்தாய் நின்றிருப்பாள். பெண்களைச் சோதிப்பது அவள் பொறுப்பு. ஒவ்வொருத்தி பாவாடை ஓரத்தையும் இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "காட்டன், போ" என்பாள். நைலான் மாதிரி மினுக்குத் துணி சிக்கினால், "வீட்டுக்குப் போயி மாத்திக்கிட்டு வா, இல்லாட்டி சுடுகாட்டுக்குப் போ" என்பாள். இன்று அவள் மகளுக்கு வளைகாப்பு. அவள் இல்லாததால் பதிவேடு இவர் கைக்கு வந்தது. உடை என்று ஒரு கட்டம். எல்லாருக்கும் நேராகச் சரி, சரி, சரி என்று எழுதிக்கொண்டே வந்தார். மாரிக்கனிக்கு நேராகவும் சரி என்றுதான் எழுதினார். பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது.

காலையிலிருந்து பன்னிரண்டு வரை ஒன்றும் ஆகவில்லையே. ஆகவில்லை, ஏனென்றால் காற்றில் ஈரம் இருந்தது. ஈரம் இருந்தால் உரசலில் துணியில் சேரும் மின்சாரம் நிற்காது, வடிந்துவிடும். மத்தியானம் வெயில் அந்த ஈரத்தை உறிஞ்சியிருக்கும். உதட்டை நாக்கால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. பைக் சீட் காய்ந்திருந்தது, தரை வெளுத்திருந்தது. உள்ளே போகும் வாசலில் செம்புத் தகடு இருக்கிறது, எல்லாரும் அதில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் போவார்கள், உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். இறங்கும். ஆனால் நைலான் கட்டியவள் பத்து அடி நடந்து அறைக்குப் போவதற்குள் அது மறுபடி சேர்ந்துவிடும், கால் மடக்கி உட்காரும்போது இன்னும் கொஞ்சம். அவள் முன்னால் இருப்பது காகிதக் குழாய்களில் செலுத்துகிற மருந்து. அலுமினியப் பொடி கலந்தது, ஒரு பொறி போதும். நான்காம் எண் அறையில் மாரிக்கனிக்கு இடது பக்கம் குருவம்மாள், எதிரில் ரெங்கநாயகி, கதவோரம் ஒரு புதுப் பெண். நான்கு பேர். கேட்டுவிடலாம். என்னவென்று கேட்பது? உள்ளே என்ன கட்டியிருக்கிறாய்? கல்யாணமான பெண்ணைப் பார்த்து, வரிசையில் இருபது பேர் நிற்கும்போது. பக்கத்து ஆலையில் அழகர்சாமி என்று ஒரு போர்மேன் இருந்தார், நேர்மையான மனுசன். ஒருநாள் ஒரு பெண்ணிடம் இதைக் கேட்டார், கேட்டது நல்லதுக்குத்தான், அவள் கட்டியிருந்ததும் நைலான்தான். மறுநாளிலிருந்து அவர் பெயர் பாவாடை போர்மேன். டீக்கடையில், பஸ்ஸில், கோயில் வரி வசூலில். அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வழி கேட்டபோது, "யாரு, பாவாடை வீடா?" என்று எவனோ கை காட்டினான். வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போனார்கள். அழகர்சாமி ஊரை விட்டுப் போய் இப்போது கோயம்புத்தூரில் ஏதோ அபார்ட்மெண்டில் காவல் இருக்கிறார். ஞானகுருவுக்கும் மகள் இருந்தாள், பத்தொன்பது வயது. ஒரு பக்கம் நான்கு பேர், இன்னொரு பக்கம் ஒரு பட்டப்பெயர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவன் இந்த ஊரில் பெயரோடு வாழ்ந்தவனாக இருக்க மாட்டான்.

இரண்டு பதினெட்டு. பல்லி அதே இடத்தில் நின்றது. கவசப் பட்டியலுக்கு மேலே ஒரு சின்னக் கேள்வி உண்டு: உடைக்கு மேல், அல்லது உடையைக் கழற்றி. சிப்பாய் தன் சொந்தத் துணியோடு கவசத்தைப் போடலாம். அல்லது அதைக் கழற்றி வைத்துவிட்டு, நாம் சொல்கிற துணியிலிருந்து புதிதாகத் தொடங்கலாம். பெயர்களை மாற்றிய நாளிலிருந்து ஞானகுரு முதலாவதைத்தான் வைத்திருந்தார். இரண்டாவதை ஒருமுறை அமுக்கியபோது பதினோரு பொம்மைகளும் கிடங்கு வாசலிலேயே துணியை அவிழ்த்துப் போடத் தொடங்கின. திரையில் தெரிந்தது என்னவோ நிறம் மாறிய சில புள்ளிகள்தான். இருந்தாலும் அவர் பதறிப்போய் மாற்றிவிட்டார். போன மாதம் இதே பல்லி வந்தது. அந்தோணியம்மாள் முன் வரிசையில் நின்றாள், முழு இரும்பு, தலையிலிருந்து கால் வரை, ஓர் ஊசி நுழைய இடம் இல்லாமல் அவர் பூட்டி அனுப்பியிருந்தார். தீ பட்டது. இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இரும்பு தாங்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே திரையின் கீழே வரிகள் ஓடத் தொடங்கின: அந்தோணியம்மாளின் உட்சட்டை எரிகிறது. அந்தோணியம்மாளின் உட்சட்டை எரிகிறது. அந்தோணியம்மாளின் உட்சட்டை எரிகிறது. வெளியே கவசம் பளபளவென்று அப்படியே இருந்தது. உள்ளே இருந்த துணி வேக, அது கழற்ற முடியாத அடுப்பாகிவிட்டது. கவசம் போடாதவர்கள் குளத்தில் குதித்துப் பிழைத்தார்கள். மறுநாள் காலை ஏழாம் எண் அறை வாசலில் அந்தோணியம்மாள், "என்ன அண்ணாச்சி, பேயறைஞ்ச மாதிரி பாக்கீக?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அவர் பதிவேட்டைப் புரட்டினார். உடைக்கு மேல் என்று கூச்சத்தில் வைத்த ஒரு அடையாளம்தான் அவளைக் கொன்றது. பொம்மையை. பொம்மையைத்தான். ஆனால் அந்த வரி காதில் ஓடிக்கொண்டே இருந்தது. உட்சட்டை. சரசர.

இப்போது அவர் விரல் அந்தக் கேள்வியின் மேல் போய் நின்றது. உடையைக் கழற்றி. அமுக்கினார். அமுக்கியதும் அடுத்த கவலை வந்தது: கழற்ற நேரம் வேண்டும், போட நேரம் வேண்டும். வாசலில் பல்லி நிற்கும்போது கழற்றச் சொல்வது ஒருவேளை அதைவிடப் பெரிய தப்பு. காலையிலேயே செய்திருக்க வேண்டும். பல்லி மலைக்கு அந்தப் பக்கம் இருந்தபோதே. ஆறு ஐம்பதுக்கே. எது ஆட்டம், எது ஆலை என்று ஒரு கணம் குழம்பினார். கை தானாக இடுப்புக்குப் போனது. வேட்டிக்கு உள்ளே கோடு போட்ட பட்டாபட்டி அன்ட்ராயர். அதன் வலது பக்கத்தில் ஆழமான பை. அந்தப் பையை அவர் நினைப்பதில்லை. நினைக்கக்கூடாது என்று வைத்திருந்தார். ஆலைக்குள் யாரும் செல்போன் கொண்டுபோகக்கூடாது. வாட்ச்மேன் சங்கையாவிடம் அறை அறையாகத் தடுத்த மரப்பெட்டி இருக்கிறது, எல்லார் போனும் அதில்தான் கிடக்கும். ஞானகுருவும் ஒரு போன் கொடுப்பார், பழைய பொத்தான் போன். இந்தப் போனையும் ஒரு காலத்தில் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் சங்கையா சும்மா தொட்டுப் பார்க்கிறேன் என்று நிறுத்தி வைத்திருந்ததை ஓடவிட்டு ஆறு சிப்பாய்களைச் சாகடித்துவிட்டு, "ஒண்ணும் பண்ணல அண்ணாச்சி, அதுவா வெளிச்சம் வந்துச்சு" என்றார். அதிலிருந்து இது பையில். அணைத்துத்தானே வைக்கிறேன். அணைத்தால் அது வெறும் கண்ணாடித் துண்டு. அதோடு அறைக்குள் நான் அதிக நேரம் நிற்பதில்லை, வாசலிலிருந்து எட்டிப் பார்ப்பேன், அவ்வளவுதான், எப்போதாவது குனிவேன். போர்மேனை யார் சோதிப்பார்கள்? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு எப்போதும் திரும்பிவிடும், முட்டுச் சந்துக்குள் போன மாட்டு வண்டி மாதிரி. இன்றைக்கும் திரும்பப் பார்த்தது. இரண்டு இருபத்தொன்பது. போனை அணைத்து, மரத்துக்குப் பின்னால் போய், வேட்டியைத் தூக்கி, பைக்குள் இறக்கினார். தொடையில் அது இன்னும் சூடாக இருந்தது.

வெண்கல மணி அடித்தது. கொட்டகையிலிருந்து பெண்கள் எழுந்து உதறிக்கொண்டு வந்தார்கள். உள்வாசல் தூணில் செம்புத் தகடு, அதன் பக்கத்தில் ஞானகுரு. ரெங்கநாயகி கையை வைத்துவிட்டுப் போனாள், புதுப் பெண் போனாள். மாரிக்கனி வந்தாள். சரசர.

"மாரிக்கனி, நில்லு."

"என்ன அண்ணாச்சி?"

"நேத்து மழையில்ல... துணியெல்லாம் காஞ்சுதா?"

பின்னால் நின்ற குருவம்மாள் முந்திக்கொண்டாள். "ஏ மாரிக்கனி, அண்ணாச்சி உங்க வீட்டுக் கொடியை விசாரிக்காரு. பதில் சொல்லு." வரிசை சிரித்தது.

"உள்ள கட்டியிருக்கது என்ன துணி?" என்றார் ஞானகுரு. அவர் நினைத்ததைவிடக் குரல் சத்தமாக வந்துவிட்டது.

"ஆத்தாடி!" என்றாள் குருவம்மாள். "அன்னத்தாயி ஒரு நாள் வரலைன்னதும் அந்த உத்தியோகத்தையும் சேத்துல்ல பாக்காரு!"

மாரிக்கனி மட்டும் சிரிக்கவில்லை. கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நைலக்ஸு. எம் மதினி பாவாடை. என்னது ரெண்டும் நனைஞ்சுபோச்சு. அன்னத்தாயக்கா இருந்திருந்தா காலையிலேயே சொல்லியிருப்பேன். ஆம்பளகிட்டப் போயி என்னன்னு சொல்ல? மத்தியானம் வரைக்கும் அசையாம, உசுரக் கையில பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன் அண்ணாச்சி."

சிரிப்பு நின்றுவிட்டது. குருவம்மாள் அவளையே பார்த்தாள். காலை முழுக்க அவளுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தவள்.

"எனக்குக் காலையிலேயே தெரியும்" என்றார் ஞானகுரு. ஏன் சொன்னார் என்று அவருக்குத் தெரியவில்லை.

மாரிக்கனி தலையை நிமிர்த்தினாள். "தெரிஞ்சா கேக்குறதுக்கு என்ன?" அவர் கண் செம்புத் தகட்டுக்குப் போனது. "அப்ப நாங்களும் ஒண்ணு கேக்கணும்."

"வேண்டாம்டி" என்றாள் குருவம்மாள்.

"அவரு கேட்டுட்டாருல்ல. உங்க அன்ட்ராயர்ல என்ன அண்ணாச்சி இருக்கு?"

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"குனியும்போதெல்லாம் சதுரமாத் தெரியுது. பொங்கல்லருந்து தெரியுது. நீங்க எங்க ரூம்ல குனிஞ்சா நாங்க நாலு பேரும் கையை மருந்துலருந்து எடுத்துருவோம்."

நான்கு மாதம். அவர் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் வேலையை நிறுத்துவதைப் பார்த்திருக்கிறார். மரியாதை என்று நினைத்திருந்தார். "யாரும் சொல்லலையே" என்றார்.

"ஆம்பள அன்ட்ராயரைப் பத்தி எப்படி அண்ணாச்சி பேச?" என்றாள் குருவம்மாள், கேலி இல்லாமல். பிறகு, இனி மறைத்து என்ன என்பது போல: "செல்லு அண்ணாச்சின்னுதான் உங்களுக்குப் பேரு."

அவர் வாட்ச்மேன் கொட்டகைக்கு நடந்தார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று போனை எடுத்து மரப்பெட்டியில் வைத்தார். சங்கையா அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பெட்டியை மூடினார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த சங்கையாவின் நீலக் கட்டம் போட்ட லுங்கியை ஞானகுரு உருவினார். ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, அன்னத்தாய் செய்வது போலத் தேய்த்துப் பார்த்தார். பருத்தி. மாரிக்கனி கொட்டகைக்குள் போய் அதைப் பாவாடையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். நடக்கும்போது சத்தம் இல்லை. செம்புத் தகட்டில் கையை வைத்தாள். அவள் போன பிறகு ஞானகுருவும் தகட்டில் உள்ளங்கையை வைத்து, வேண்டியதைவிட அதிக நேரம் கையை எடுக்காமல் நின்றார். அது குளிர்ந்திருந்தது. அவருடைய பயம் போகவில்லை. ஒரு இடத்திலிருந்து எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

ஜூன் 17, செவ்வாய்க்கிழமை, காலை 10.52 மணிக்கு ஆலையின் நான்காம் எண் அறையில் ஏற்பட்ட வெடிவிபத்தில் போர்மேன் ஞானகுரு (46) இறந்தார். அறையில் வேலை செய்த பெண்கள் நால்வரும் அப்போது தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தனர். காரணம் மருந்து உராய்வு என்று முதற்கட்ட விசாரணையில் தெரிவிக்கப்பட்டது. உடலில் இருந்தவை என்று காவல் நிலையத்தில் எழுதப்பட்டவை: காக்கிச் சட்டை ஒன்று, பனியன் ஒன்று, வேட்டி ஒன்று, கோடு போட்ட அன்ட்ராயர் ஒன்று. நான்கும் பருத்தி. அன்ட்ராயர் பையில் எதுவும் இல்லை.